வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதுறது: எப்பிடி எழுத வைக்கலாம்?

மாங்குளம் அம்மா:

வணக்கம். வீட்டில தரம் 2, 4, 7 படிக்கிற மூண்டு பிள்ளைகள். கார்கோப் பெட்டி வந்திருக்குது. சுவிஸ் சித்தி மழைக்கோட்டும் புத்தகப்பையும், ரொறன்ரோ மாமா சப்பாத்துகள், லண்டன் அப்பப்பா ஆளுக்கு இவ்வளவு எண்டு காசு. இதுவரைக்கும் வட்ஸ்அப்பில "தாங்ஸ் சித்தி" எண்டு ஒரு குரல்பதிவு போட்டிட்டு விளையாட ஓடுறதுதான் வழக்கம். இந்த முறை தாளில எழுத வைச்சுத் தபாலில போட யோசினை.

எந்த வயசுக்கு எவ்வளவு எழுதினால் காணும்? பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற கடித அமைப்பு அப்பிடியே வேணுமா? எழுத்துப் பிழையைத் திருத்துறதா, விடுறதா? காசுக்கு என்ன எழுதுறது? வெளிநாட்டு விலாசம் எழுதுற முறையையும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்:

மூண்டு பேருக்கும் ஒரே வேலையைக் குடுத்தால் சின்னது அழும், பெரியது ஏமாத்தும். தரம் 2 பிள்ளைக்குப் படம்தான் கடிதம். ஏ4 தாளைக் குறுக்க மடிச்சு, மேல்பாதியில படம், கீழ்ப்பாதியில 2 அல்லது 3 வசனம், அடியில தன்ர பேர். கோடில்லாத தாள் குடுத்தால் எழுத்து சரிஞ்சு கொண்டே போகும். அடிமட்டம் வைச்சு 1.5 சென்ரிமீற்றர் இடைவெளியில மெல்லிய பென்சில் கோடு நாலு போட்டுக் குடுங்கோ. தரம் 4க்கு 6, 7 வசனம். தரம் 7 எண்டால் ஒரு பக்கம், கிட்டத்தட்ட 100 சொல்லு.

பெட்டி உடைச்ச அண்டைக்கே எழுத வைக்காதேங்கோ. அண்டைக்குப் பிள்ளைக்குத் தெரிஞ்சது "வடிவா இருக்கு" மட்டும்தான். பெட்டி வந்து சேர்ந்த செய்தியை வட்ஸ்அப்பில நீங்கள் அறிவியுங்கோ, அனுப்பினவை பார்த்துக்கொண்டிருப்பினம். பிள்ளை ரெண்டு மூண்டு நாள் சாமானைப் பாவிக்கட்டும். பிறகு, எழுத எண்டு சொல்லாமல், சும்மா கதைக்கிற மாதிரி மூண்டு கேள்வி கேளுங்கோ. முதல் எப்ப போட்டனீ? ஆர் பார்த்தது, என்ன சொன்னவை? இப்ப எங்க வைச்சிருக்கிறாய்? பிள்ளை சொல்லுறதில நாலஞ்சு சொல்லை மட்டும் ஒரு துண்டுத்தாளில குறியுங்கோ: மழை, தொப்பி, பை நனையேல்லை, ஆணி. வசனமாக் குறிச்சால் காரியம் கெட்டது. பிள்ளை அதைப் பார்த்து எழுதும், கடிதம் உங்கட கடிதமாப் போகும்.

தாய் சொல்லச் சொல்ல எழுதினது எப்பிடி இருக்கும் எண்டால்:

"அன்புள்ள சித்திக்கு, நான் நலம். நீங்கள் நலமா? நீங்கள் அனுப்பிய பரிசு கிடைத்தது. அது மிகவும் அழகாக இருந்தது. மிக்க நன்றி."

இதில "பரிசு" எண்ட இடத்தில மணிக்கூட்டைப் போட்டாலும் பொருந்தும், பொம்மையைப் போட்டாலும் பொருந்தும். சித்தியின்ர இடத்தில மாமியைப் போடலாம். துண்டுத்தாளை வைச்சுக்கொண்டு பிள்ளை தானே எழுதினால்:

"அன்புள்ள சித்திக்கு, பச்சை மழைக்கோட்டு வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடும்போது மழை. நான் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்தேன். கோட்டு பைக்கு மேலேயும் மூடியதால் புத்தகம் ஒன்றும் நனையவில்லை. கை கொஞ்சம் நீளம். அம்மா மடித்து விட்டா. இப்போது அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது."

சித்தி வேண்டேக்க எதை நினைச்சு வேண்டினாவோ, அது நடந்திருக்கு எண்டு அந்த ஆணியிலயே விளங்கும்.

இன்னும் ரெண்டு. ஒரே நாளில ரெண்டு கடிதம் வேண்டாம். ரெண்டாவது முதலாவதின்ர பிரதியா வரும், சித்தியும் மாமாவும் படமெடுத்து மாறி மாறி அனுப்பிப் பார்த்தால் ஒரே கடிதம். மற்றது, "தம்பியும் தனக்கொண்டு கேக்கிறான்" மாதிரி வசனங்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்கு வந்திடும். பிள்ளை கேக்கிற நினைப்பில எழுதுறதில்லை, நடந்ததைத்தான் எழுதுது. ஆனால் அங்க வாசிக்கிற ஆளுக்கு அது அடுத்த பெட்டிக்கான லிஸ்ட். வெட்டச் சொல்லாதேங்கோ. "தம்பி அதைப் போட்டுப் பார்த்துச் சிரிச்சவன்" எண்டு மாத்தலாமா எண்டு கேட்டுப் பாருங்கோ.

நெடுங்கேணியான்:

ரீச்சர் சொன்ன மழைக்கோட்டுக் கடிதத்தில "நன்றி" எண்ட சொல்லே இல்லை, கவனிச்சீங்களோ? அதாலதான் அது நல்லா இருக்குது. எங்கட ஆக்கள் கூடப்பிறந்தவைக்கு நன்றி சொல்லிப் பழகினவை இல்லை. "கிடைச்சுது, போட்டுப் பார்த்தவள், அளவா இருக்கு" எண்டால் அதுக்குள்ளேயே எல்லாம் அடங்கும். பிள்ளை "தங்களுக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றேன்" எண்டு எழுதினால் பிரதேச சபைக்கு வீதி லைற் போட்டதுக்கு எழுதின மாதிரி. அப்பப்பாவுக்கு அது போனால், "என்னடா, என்னை வெளி ஆளாக்கிப் போட்டாள்" எண்டுதான் மனம் போகும்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்:

நெடுங்கேணியான், பாதி சரி. அப்பப்பா, அம்மம்மா வயசில உள்ளவைக்கு அந்தச் சொல் இல்லாட்டிலும் ஒண்டும் குறையாது. ஆனால் அங்க பிறந்து வளர்ந்த மச்சாள்மார், அல்லது சித்தப்பா கலியாணம் கட்டின வேற்றுநாட்டுச் சித்தி, அந்தச் சொல்லைத்தான் தேடுவினம். அவைக்கு ஒருக்கா எழுதலாம். முதல் வசனத்தில வேண்டாம். சாமானைப் பற்றி எழுதி முடிச்ச பிறகு, "நன்றி சித்தி" எண்டு ரெண்டு சொல்லு. "தெரிவித்துக்கொள்கிறேன்" வேண்டவே வேண்டாம், அதில நானும் உங்களோடதான். தமிழ் வாசிக்கத் தெரியாத மச்சாளுக்கு எழுதினால், பிள்ளை தன்ர கடிதத்தைத் தானே வாசிச்சு ஒரு குரல்பதிவும் போடட்டும். மொழிபெயர்த்து எழுதுறதை விட அது லேசு, அவைக்கும் எழுத்தையும் குரலையும் சேர்த்துக் கேக்கலாம்.

வவுனியா தமிழ் ஆசிரியர்:

அமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பரீட்சைக்குரிய உறவுமுறைக் கடிதத்தில் வலப்பக்க மேல்மூலையில் அனுப்புநர் விலாசமும் திகதியும், பிறகு இடப்பக்கம் விளி, உள்ளடக்கம், கீழே வலப்பக்கம் "இப்படிக்கு" என்று முடிப்பு. வீட்டுக் கடிதத்துக்கு இதில் திகதி, விளி, முடிப்பு மூன்றும் போதும். திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடிதம் பத்து வருடம் கழித்து ஒரு லாச்சிக்குள் இருந்து வெளியே வரும்போது, பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்பதை அதுதான் சொல்லும். சைவ வீடுகளில் தாளின் உச்சியில் நடுவில் "உ" போடுவது வழக்கம். கத்தோலிக்க வீடுகளில் சிலுவை அடையாளம் போடுவார்கள். வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யட்டும்.

"நலம், நலமறிய ஆவல்" என்பதைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை. வெறும் தாளைப் பார்த்து முழிக்கிற பிள்ளைக்கு அது ஒரு வாசற்படி. ஆனால் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும், படியிலேயே இருந்துவிடக் கூடாது.

பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது முடிப்பில். கடிதத்தில் தன்னை என்ன உறவாகச் சொல்வது என்பது இப்போது பலருக்குத் தெரியாது, எல்லாருக்கும் "இப்படிக்கு, அன்புடன்" என்று பெயரைப் போட்டுவிடுகிறார்கள். மாமா, மாமிக்கு எழுதினால் "அன்பு மருமகன்" அல்லது "மருமகள்". சித்தி, சித்தப்பா, பெரியம்மா, பெரியப்பாவுக்கு "பெறாமகன்", "பெறாமகள்". வீட்டில் கூப்பிடும்போது வெறும் மகன், மகள்தான். அப்படியே "அன்பு மகள்" என்று எழுதினாலும் பிழையில்லை, சிலருக்கு அதுதான் இன்னும் நெருக்கம். அம்மம்மா, அப்பப்பாவுக்குப் பேரன், பேத்தி. மாமாவின் மகளுக்கு எழுதுகிற பெண்பிள்ளை "உங்கள் மச்சாள்" என்று போட வேண்டும். பிள்ளை சிரிக்கும். சிரித்துக்கொண்டே எழுதட்டும், உறவுமுறை படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

எழுத்துப் பிழை: தரம் 2இல் விளியையும் பெயரையும் தவிர ஒன்றும் திருத்தாதீர்கள். தரம் 4இல் பொருள் மாறும் பிழையை மட்டும் காட்டுங்கள். "குளத்துக்கு வெல்லம் வந்தது" என்று ல, ள மாறினால் இரணைமடுக் குளத்தில் சர்க்கரை ஓடும். (அதை அப்படியே விட்டால் சித்தப்பா ஒரு கிழமைக்குச் சிரிப்பார், அது வேறு.) அறை, அரை; கறி, கரி; மனம், மணம், இவையும் அப்படித்தான். தரம் 7 பிள்ளை ஒரு தடவை பழைய கொப்பியில் எழுதி, தானே வாசித்துத் திருத்தி, பிறகு நல்ல தாளில் எழுதட்டும். சிவப்புப் பேனா வேண்டாம். மூன்றாம் தடவை எழுத வைத்தால் கையெழுத்து அழகாகும், கடிதம் செத்துவிடும்.

இன்னொன்று. பரிசைப் பற்றி எழுதிய பிறகு ஊரைப் பற்றி ஒரு வசனம் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியில் இருப்பவர்கள் அதைத்தான் இரண்டாம் தடவை வாசிப்பார்கள். காலபோக நெல் வெட்டு முடிந்ததா, இரணைமடு வான்கதவு திறந்ததா, வளவில் எந்த மாமரம் பூத்தது, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு யாரோடு போனது, ஆவணியில் மடு மாதா கோயிலுக்கு யார் யார் போனார்கள். "ஊரில் எல்லாம் நலம்" என்றால் அது செய்தியில்லை. "பின்வளவு விளாட்டு மாமரம் இந்த முறை காய்க்கவில்லை" என்றால் செய்தி.

பழைய தபால்:

விலாசத்துக்கு வாறன். இதில பிழைவிட்டால் மேல எழுதினது எல்லாம் வீண்.

தாள் எடை முதல். 80 கிராம் வகை ஏ4 தாள் ஒண்டு சரியா 5 கிராம். ரெண்டு தாளும் சின்ன உறையும் 15 கிராமைத் தாண்டாது. மூண்டு பிள்ளைகளின்ர கடிதத்தையும் ஒரு உறைக்குள்ள வைக்கலாம், ஆனால் ஒரே ஆளுக்குப் போறதெண்டால் மட்டும். மட்டையில கீறின படம், ஸ்ரிக்கர், மணி ஒட்டினது எல்லாம் எடையையும் தடிப்பையும் கூட்டும். முத்திரையை ஒட்டிக்கொண்டு போகாதேங்கோ. உபதபாற்கந்தோரில நிறுத்துக் காட்டி, நாட்டைச் சொல்லி, பிறகு வாங்கி ஒட்டுங்கோ. முத்திரைக் காசு குறைஞ்சால் கடிதம் திரும்பி வரும், இல்லாட்டி அங்க வாங்கிற ஆளிட்டக் காசு கேப்பினம். நன்றிக் கடிதத்துக்கு மாமா தண்டம் கட்டுறது வடிவில்லை.

மடிக்கிறது: ஏ4 தாளை நாலா மடிச்சால் சின்ன உறைக்குப் போகும், மூண்டா மடிச்சால் நீள உறை வேணும். படம் கீறின பக்கம் உள்ளுக்கு வரட்டும். மெழுகுக் கலர் எண்டால் மடிப்பில எதிர்ப்பக்கத்தில ஒட்டுப்படும், இடையில ஒரு வெறுந்தாள் வையுங்கோ. மரக்கலர்ப் பென்சிலுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

பெறுநர் விலாசம் உறையின்ர முன்பக்கம் நடுவில, ஆங்கிலத்தில. நாட்டின்ர பேர் கடைசி வரியில தனிய, பெரிய எழுத்தில. தமிழில எழுதினால் கொழும்பு வரைக்கும் போகும், அதுக்குப் பிறகு வாசிக்க ஆள் இல்லை. பிள்ளை தானே எழுத ஆசைப்பட்டால் பேரைத் தமிழிலயும் மேல எழுதலாம், மிச்சம் ஆங்கிலத்தில இருக்க வேணும்.

கனடா தபால் குறியீடு ஆறு இடம். எழுத்து, இலக்கம், எழுத்து, இடைவெளி, இலக்கம், எழுத்து, இலக்கம். இந்த ஒழுங்கு மாறாது. மற்றது, அவையின்ர குறியீட்டில "ஓ", "ஐ" எண்ட ஆங்கில எழுத்துகள் பாவிக்கிறதே இல்லை. வட்டமா ஒண்டு தெரிஞ்சால் அது பூச்சியம்தான், நேர்கோடு தெரிஞ்சால் அது ஒண்டுதான். வட்ஸ்அப்பில வந்த விலாசத்தைப் பார்த்து எழுதேக்க இதைப் பிடிச்சுக்கொண்டால் பாதிப் பிழை குறையும். லண்டன் விலாசத்தில குறியீடு ஊர்ப் பேருக்குக் கீழ தனி வரி. சுவிஸ், நோர்வேயில நாலு இலக்கம், ஜேர்மனி, பிரான்சில அஞ்சு இலக்கம், அது ஊர்ப் பேருக்கு முன்னால வரும், பின்னால போடாதேங்கோ. ஐரோப்பாவில 7க்கு நடுவால ஒரு குறுக்குக்கோடு போடுவினம். 1ஐ அங்க மேல கொக்கி நீட்டித்தான் எழுதுவினம், அதால குறுக்குக்கோடு இல்லாத 7 அங்க 1 ஆகத் தெரியும். 7க்கு நீங்களும் குறுக்குக்கோடு போடுங்கோ, 1ஐ நேர்கோடா எழுதுங்கோ.

உங்கட விலாசம் உறையின்ர பின்பக்க மடலில, அதுவும் ஆங்கிலத்தில. வன்னியில கனக்க வீட்டுக்கு இலக்கம் இல்லை. வீட்டுக்காரரின்ர பேர், வாய்க்கால் அல்லது வீதிப் பேர், கிராமம், உங்களுக்குக் கடிதம் வாற தபாற்கந்தோர், மாவட்டம். உருத்திரபுரம் எண்டு மட்டும் எழுதினால் காணாது, 8ஆம் வாய்க்காலா 10ஆம் வாய்க்காலா எண்டு வேணும். கடைசியில "ஸ்ரீ லங்கா" ஆங்கிலத்தில. சித்தி பதில் போடேக்க இதைப் பார்த்துத்தான் எழுதுவா.

உறைக்குள்ள காசுத்தாள், சில்லறை வைக்காதேங்கோ. வேப்பிலை, காய்ஞ்ச பூ, விதை எண்டு பிள்ளைகள் ஆசைக்கு ஒட்டுவினம். அவுஸ்திரேலியாவுக்கு எண்டால் அறவே கூடாது, அங்க செடிகொடி, விதைச் சட்டம் கடுமை, பிடிபட்டால் அழிச்சும் போடுவினம். இலையைத் தாளுக்குக் கீழ வைச்சு மேலால பென்சிலால தேய்ச்சால் இலை அப்பிடியே பதியும். அதை அனுப்பலாம். தாளும் எழுத்தும் மட்டும் போனால் சுங்கப் படிவம் தேவையில்லை. சாமான் ஏதும் வைச்சால் "சீ.என். 22" எண்ட சுங்க வில்லை நிரப்ப வேணும், கட்டணமும் வேற.

கடைசி வாங்கு:

தபால் போக வாரக்கணக்கு எடுக்கும், அதால படமும் அனுப்பிறதுதான் நடைமுறை. HB பென்சிலால எழுதினது போன் கமராவில தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். 2B பென்சில் அல்லது நீலக் குமிழ்முனைப் பேனா. விறாந்தையில, வெயில் நேர படாத இடத்தில, காலமை 10 மணி போல. தாளைப் பாயில வைக்காமல் கறுப்புக் கொப்பி மட்டையில வையுங்கோ. போனை நேர மேல பிடிக்க உங்கட தலை நிழல் விழும், ஒரு பக்கமா நிண்டு கையை மட்டும் நீட்டுங்கோ. வட்ஸ்அப்பில படமாப் போட்டால் எழுத்து மங்கும். "டொக்கியுமென்ற்" எண்ட வழியால போட்டால் மங்காது.

காசுக்குக் கேட்டிருந்தீங்கள். தொகையை எழுதாதேங்கோ. கடிதம் அந்த வீட்டில மேசையில கிடக்கும், நாலு பேர் வாசிப்பினம், ஆருக்கு எவ்வளவு எண்ட கதை அங்க தொடங்கும். வேண்டின சாமானை எழுதட்டும். வேண்டாமல் பிள்ளையின்ர சேமிப்புப் புத்தகத்தில போட்டிருந்தால், "புத்தகத்தில போட்டிருக்கு, ஓஎல் சோதினை முடிய எடுக்கலாமாம்" எண்டு எழுதினால் அப்பப்பாவுக்கு அதுவே காணும்.

ஒரு விசயம் ஆரும் தொடேல்லை. சொந்தம் இல்லாத ஆக்கள், பழைய மாணவர் சங்கம், ஊர்ச்சங்கம் குடுக்கிற உதவிக்கும் இதே கடிதத்தை எழுத வைக்காதேங்கோ. அது எங்க போய், எந்த முகநூலில ஏறும் எண்டு தெரியாது. முழுப்பேர், பள்ளிக்கூடப் பேர், சீருடையோட படம் எதுவும் வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளையின்ர கையால எழுதி வாங்கிற பழக்கம் சில இடத்தில இருக்கு. அப்பிடிக் கேட்டால், "சைக்கிள் கிடைச்சது, இப்ப பள்ளிக்கூடத்துக்கு அதில போறன்" எண்டதோட நிப்பாட்டிக் குடுங்கோ. கேட்டவை வேற எழுதச் சொன்னால் பெரியவை எழுதட்டும்.

மாங்குளம் அம்மா:

எல்லாருக்கும் சந்தோசம். (நெடுங்கேணியான் கவனிக்கவும், நன்றி சொல்லேல்லை.) துண்டுத்தாள் வேலை இண்டைக்கே தொடங்கியாச்சு. இன்னும் ஒண்டு. மாமா அனுப்பின சப்பாத்து நடுவிலானுக்கு இறுக்கம். கடிதத்தில அதை எழுதுறதா? எழுதாட்டி அடுத்த முறையும் அதே அளவு வரும்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்:

பிள்ளையின்ர கடிதத்தில இறுக்கம் எண்டு எழுதலாம், பொய் எழுத வைக்கிறதை விட அது நல்லது. ஆனால் அதோட நிக்கக் கூடாது, அந்தச் சப்பாத்து இப்ப ஆரிட்ட எண்டதையும் சேர்க்க வேணும். "எனக்கு விரல் முட்டுது, அதால தங்கச்சி போடுறாள், அவளுக்குக் கொஞ்சம் பெரிசு, முன்னுக்குப் பஞ்சு வைச்சிருக்கு." மாமாவுக்கு மனம் நோகாது, சாமான் வீணாப் போகேல்லை எண்டும் தெரியும்.

அளவு அனுப்பிறது உங்கட வேலை, பிள்ளையின்ர வேலையில்லை. பின்னேரத்தில அளவுங்கோ, பகல் முழுக்க நடந்த பிறகு கால் கொஞ்சம் பெருத்திருக்கும். தாளை நிலத்தில வைச்சு, பிள்ளையை அதுக்கு மேல நேர நிக்க விட்டு, பென்சிலைச் சரிக்காமல் நட்டுக்குத்தாப் பிடிச்சுச் சுத்திக் கீறுங்கோ. இருந்து கொண்டு அளந்தால் கால் சின்னனாத் தெரியும். குதியில இருந்து ஆக நீண்ட விரல் மட்டும் சென்ரிமீற்றரில. ரெண்டு காலும் அளந்து, கூடினதை எடுங்கோ. வளருற பிள்ளைக்கு அதோட 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் கூட்டலாம். கூட்டினீங்களா இல்லையா எண்டு எழுதுங்கோ, இல்லாட்டி மாமாவும் தன்ர பங்குக்குக் கூட்டி, வள்ளம் மாதிரி ஒண்டு வரும்.

கீறின தாளைப் படமெடுத்தால் அளவு தெரியாது, பக்கத்தில அடிமட்டத்தை வைச்சு எடுங்கோ. அவர் கேட்ட பிறகு உங்கட வட்ஸ்அப்பில போடுங்கோ. பிள்ளையின்ர கடித உறைக்குள்ள மட்டும் அதை வைச்சிடாதேங்கோ.